ஏற்காட்டுப் பங்களாவில் கிடைத்த கப்பல் தட்டுகள்: நிஜமானவையா, எப்படிப் பார்ப்பது?

கயல், குகை, சேலம்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு பழைய காப்பி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். கட்டில், பீரோ, தேக்கு நாற்காலி எல்லாம் உடனே விலை போய்விட்டன. சமையலறைப் பரணில் சாக்குக்குள் வைக்கோல் சுற்றிக் கிடந்த பீங்கான் சாமான்களை மட்டும் யாரும் சீண்டவில்லை. மொத்தமாக ஒரு விலை பேசி எடுத்து வந்துவிட்டேன்.

பெரிய தட்டு நான்கு, குழிந்த சூப் தட்டு இரண்டு. ஆறிலும் விளிம்பில் நீல நிறத்தில் பெல்ட் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி லிமிடெட்' என்று ஆங்கில எழுத்து. பின்பக்கம் தொழிற்சாலையின் பெயர் தேய்ந்துவிட்டது. 'மேட் இன் இங்கிலாந்து' மட்டும் படிக்க முடிகிறது. ஒரு சர்க்கரைக் கிண்ணத்தில் சின்னம் எதுவும் இல்லை, அடியில் 'கிரிண்ட்லி ஹோட்டல் வேர்' என்று இருக்கிறது. அப்புறம் ஒரு முள்கரண்டி. அதன் பிடியில் 'பி அண்ட் ஓ', பின்னால் 'இ.பி.என்.எஸ்.'

இவை உண்மையிலேயே கப்பலில் புழங்கியவையா? எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க முடியுமா? முள்கரண்டி வெள்ளியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இவற்றை வாங்கியது தெரிந்து, பழைய சாமான் விற்கும் ஒருவர் ஒரு டீ கோப்பையைக் கொண்டுவந்து காட்டினார். சிவப்புக் கொடியில் வெள்ளை நட்சத்திரம், அடியில் 'டைட்டானிக் 1912'. 15,000 ரூபாய் சொல்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைவாசி, ஏற்காடு

வணக்கம்மா. முதலில் அந்தக் கோப்பையை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக்கூடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தட்டு எடுத்து வைப்பது, கழுவுவது, உடைந்ததைக் கணக்கில் எழுதுவது எல்லாம் என் கையால் செய்த வேலை. கரைக்கு வந்த பிறகு கப்பல் பீங்கான் சேர்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரிய கம்பெனிகள் பீங்கானை ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனியாகச் செய்யச் சொல்வது அபூர்வம். கம்பெனிக்கு ஒரு சின்னம், வகுப்புக்கு ஒரு மாதிரி என்று மொத்தமாக ஆர்டர் போடுவார்கள். ஒரு கப்பலில் குறைந்தால் கரையில் உள்ள கிடங்கிலிருந்து எடுத்து வைப்பார்கள். டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் லைன் கம்பெனியும் இப்படித்தான் செய்தது. அவர்களுடைய மூன்றாம் வகுப்புக் கோப்பை வெள்ளையாக, நடுவில் சிவப்புக் கொடிச் சின்னத்தோடு இருக்கும். அதே மாதிரிதான் டைட்டானிக்கிலும், அதன் அக்கா கப்பலான ஒலிம்பிக்கிலும். ஒலிம்பிக் 1935 வரை ஓடியது. கோப்பையின் அடியில் கப்பல் பெயரும் மூழ்கிய வருஷமும் எழுதியிருந்தால், அது ஞாபகப் பொருளாக விற்பதற்காகப் பின்னால் செய்தது. அதைப் பரிமாறிய கப்பல்காரனுக்கு 1912 என்று எழுதி வைக்க என்ன அவசியம்?

'கடலடியிலிருந்து எடுத்தது' என்று அவர் கதை சொன்னாலும் நம்ப வேண்டாம். 1987 முதல் அந்தச் சிதைவிலிருந்து ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மீட்கும் உரிமை பெற்ற நிறுவனம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விற்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் நிபந்தனை வைத்திருக்கிறது. அவை கண்காட்சிகளில்தான் இருக்கின்றன. சேலத்துக்கு ஒரு கோப்பை மட்டும் தப்பி வர வழியில்லை.

சரி, உங்கள் தட்டுகளுக்கு வருவோம். எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இருக்கிறது.

தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். இங்கிலாந்துப் பீங்கானுக்கு அடிப்பக்கம்தான் ஜாதகம். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களில் வைரம் போன்ற ஒரு சாய்சதுர முத்திரை இருக்கும். 1884 முதல் அதற்குப் பதிலாகப் பதிவு எண் போட்டார்கள். 1891ல் அமெரிக்காவின் புதிய சுங்கச் சட்டம் அமலுக்கு வந்தபோது எந்த நாட்டில் செய்தது என்று எழுதியாக வேண்டும் என்றாகிவிட்டது. அதிலிருந்து 'இங்கிலாந்து' என்ற சொல் பரவியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக எழுதுவது அதற்கும் பிறகு, இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம். ஆக உங்கள் தட்டுகள் விக்டோரியா காலத்தவை அல்ல. 1920களிலோ அதற்குப் பிறகோ செய்தவை என்று நினைத்துக்கொண்டு மேலே தேடலாம்.

அடுத்து, சின்னத்தின் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எதிலும் தட்டாமல் வழுக்கிப் போனால் சின்னம் கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே அச்சானது. கப்பலிலும் ஹோட்டலிலும் தினமும் புழங்கிய சாமான்களில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் கழுவிக் கழுவியே சின்னம் போய்விடும். ஒட்டுப்படம் மாதிரி ஓரம் தட்டுப்பட்டால் சந்தேகப்படலாம். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். தங்கக் கோடும் சில நிறங்களும் நிஜமான பழைய சாமான்களிலேயே பூச்சுக்கு மேல்தான் இருக்கும்.

தட்டின் மேல்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கத்தி பட்ட மெல்லிய கீறல்கள் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக, ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். அடிவளையம், அதாவது தட்டு மேசையில் உட்காரும் பூச்சில்லாத வட்டம், அடுக்கி அடுக்கி எடுத்ததில் மழமழப்பாகியிருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். நன்றாக வெந்து இறுகிய ஹோட்டல் ரகப் பீங்கான் தண்ணீரைக் குடிக்காது. சாதாரண மண் பீங்கான் உறிஞ்சிக்கொள்ளும்.

கப்பல் சாமான் கனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அலை அதிகமானால் மேசை விளிம்பில் மடக்கி வைத்திருக்கும் சட்டத்தைத் தூக்கிவிடுவோம். மேசை விரிப்பில் தண்ணீர் தெளிப்போம், ஈரத் துணியில் தட்டு வழுக்காது. அடி அகலமாக, கனம் கீழே இருக்கிற பாத்திரம்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். நான் ஆசைப்பட்டு வாங்கியதில் முதலில் சொல்வது ஒரு சதுரத் தேநீர்க் குடுவை. கியூப் டீபாட் என்பார்கள். ராபர்ட் கிராஃபோர்ட் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. மூக்கு, பிடி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, எல்லாம் அந்தச் சதுரத்துக்குள்ளேயே அடக்கம். ஒன்றையொன்று ஒட்டி அடுக்கலாம், இடித்து மூக்கு உடையாது, ஆட்டத்தில் கவிழாது. கியூனார்ட் கம்பெனி 1936ல் ஓடத் தொடங்கிய குயின் மேரி கப்பலில் இதைப் புழங்கியது. கப்பலில் கை சுட்டுக்கொண்டு தேநீர் ஊற்றியவனுக்குத்தான் அந்த வடிவத்தின் அருமை முழுதாகத் தெரியும். எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

எந்தக் கப்பல் என்று கேட்டிருந்தீர்கள். தட்டு கம்பெனியைச் சொல்லும், கப்பலைச் சொல்லாது. பி.ஐ. என்று நாங்கள் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1856ல் கல்கத்தா அண்ட் பர்மா என்ற பெயரில் தொடங்கியது. 1914ல் பி அண்ட் ஓ என்ற இன்னொரு கப்பல் கம்பெனியோடு சேர்ந்தாலும் பெயரையும் கொடியையும் தனியாகவே வைத்துக்கொண்டது. அவர்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ரஜூலா 1926ல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் ஜோடிக் கப்பலான ரோனா 1943 நவம்பர் 26ல் அல்ஜீரியக் கடலோரம் ஜெர்மன் விமானம் வீசிய வழிகாட்டிக் குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். உங்கள் தட்டு இந்த இரண்டில் எதிலும் இருந்திருக்கலாம், ஆப்பிரிக்கா போன கப்பலிலும் இருந்திருக்கலாம். யாராவது 'இது ரஜூலா தட்டு' என்று அடித்துச் சொன்னால், காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதனால்தான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தப் பங்களாவில் சமைத்தவர், பரிமாறியவர், வாட்ச்மேன், ரைட்டர், யாராவது இன்னும் ஏற்காட்டில் இருப்பார்கள். இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். இந்தச் சாக்கு எப்போது, யாரால் வந்தது என்று இப்போதே போய்க் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். கப்பலில் இருந்து மலை வரைக்குமான வழி பீங்கானில் எழுதியிருக்காது. அது மனிதர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆறு தட்டையும் பிரித்து விற்காதீர்கள். ஒன்றாக, ஒரே வீட்டில் கிடைத்தது என்பதுதான் அவற்றின் மதிப்பே.

சர்க்கரைக் கிண்ணம் கப்பலுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கிரிண்ட்லி என்ற பீங்கான் கம்பெனி ஹோட்டல்களுக்கும் நிறையச் செய்தது. சின்னம் இல்லாதவரை அதை நல்ல பழைய கிண்ணம் என்று மட்டும் சொல்லலாம்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

முள்கரண்டியைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் குடும்பத் தொழில் வெள்ளிக் கொலுசு.

இ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு எல்கிங்டன் என்ற பர்மிங்ஹாம் கம்பெனி 1840ல் காப்புரிமை வாங்கியது. அதற்குப் பிறகுதான் கப்பல், ஹோட்டல் எல்லாம் இதை டன் கணக்கில் வாங்க ஆரம்பித்தன. எல்கிங்டன், மேப்பின் அண்ட் வெப், வாக்கர் அண்ட் ஹால் போன்ற பெயர்கள் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் இதைக் கொண்டுவந்து கேட்டால் உருக்கப் போடுவதற்கு உரிய விலைகூட வராது. ஆனால் கம்பெனி எழுத்தோடு இருப்பதால் சேர்ப்பவர்களுக்கு அது வேறு கணக்கு. முனைகளில் மஞ்சளாகத் தெரிந்தால் முலாம் தேய்ந்த இடம். பளபளப்புக்காகப் புது முலாம் போட்டுவிடாதீர்கள், பாலிஷ் சக்கரத்தில் முதலில் போவது பிடியில் இருக்கும் எழுத்துதான். என் அப்பா இருந்த காலத்தில் மலையிலிருந்து வந்த இப்படிப்பட்ட கரண்டிகளை எத்தனையோ பேர் அமிலத்தில் போட்டு முலாமை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் பட்டால் அந்த இடம் கருத்துக் கோடு விழும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

செண்பகம், ஆத்தூர்

ரஜூலா என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் பாட்டி அந்தக் கப்பலில்தான் பினாங்கு போனார், கங்காணி சொல்லி ஊரிலிருந்து போன பல குடும்பங்களோடு. டெக் பயணி, அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே போனவர். அவர் கையில் இந்தப் பீங்கான் தட்டு வந்திருக்காது. சொந்த எனாமல் தட்டு, ஒரு பித்தளைத் தூக்கு, பாய், ஒரு தகரப் பெட்டி, இவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ஏறும்போது தட்டை இடுப்பில் செருகிக்கொண்டதாகச் சொல்வார். பினாங்கு போனதும் ஊருக்குள் விடாமல் தீவில் தனியாக வைத்துச் சோதித்த கதையும் சொல்வார்.

அந்த எனாமல் தட்டு எங்களிடம் இருக்கிறது. வெள்ளை, நீல விளிம்பு, மூன்று இடத்தில் பெயர்ந்து இரும்பு தெரிகிறது. கப்பல் சாமான் சேர்ப்பவர்கள் இதையும் சேர்ப்பார்களா? கம்பெனி சின்னம் எதுவும் அதில் இல்லை.

மலைவாசி, ஏற்காடு

செண்பகம், அவசியம் சேர்க்க வேண்டும். நான் இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், கேட்பவர்கள் குறைவு. ரஜூலா தொடக்கத்தில் 5,000 பேருக்கும் மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பீங்கானில் சாப்பிட்டவர்கள் அதில் மிகச் சிறிய பங்கு. உலகம் முழுக்கச் சேர்ப்பவர்களின் அலமாரியில் இருப்பது அந்தச் சிறிய பங்கின் சாமான்தான். பிரான்ஸின் நார்மண்டி கப்பலுக்கு லிமோஜ் பீங்கானும் லலீக் கண்ணாடியும் செய்தார்கள், அருமையான வேலை, நானும் படங்களைப் பார்த்து மலைத்திருக்கிறேன். ஆனால் அது அட்லாண்டிக் கதை. வங்காள விரிகுடாவைக் கடந்தவர்களின் சாமான் உங்கள் பாட்டியின் தட்டு மாதிரிதான் இருக்கும். சின்னம் இல்லாததால் அதற்கு அத்தாட்சி நீங்கள்தான். பாட்டியின் பெயர், ஊர், போன வருஷம், எந்தத் தோட்டம், எல்லாவற்றையும் எழுதி தட்டோடு வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டோ கப்பல் சீட்டோ இருந்தால் இன்னும் நல்லது. துருவைச் சுரண்ட வேண்டாம், ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

கயல், குகை, சேலம்

எல்லோருக்கும் நன்றி. கோப்பைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நகம் வைத்துப் பார்த்தேன், தட்டுகளில் எங்கும் தட்டவில்லை. தண்ணீரும் உறிஞ்சவில்லை. கீறல்கள் நிறைய இருக்கின்றன. முள்கரண்டியில் லென்ஸ் வைத்ததில் 'மேப்பின்' வரைக்கும் படிக்க முடிகிறது.

மலைவாசி சார் சொன்னபடி விசாரித்தேன். அந்தப் பங்களாவில் பட்லராக இருந்தவரின் மகன் ஏற்காட்டில்தான் இருக்கிறார், காப்பிக் கொட்டை வியாபாரம். அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. முள்கரண்டி பழைய துரை சீமையிலிருந்து வந்தபோது அவருடைய பெட்டியிலேயே வந்ததாம். தட்டுகள் அப்படி இல்லை. துரைமார் போன பிறகு எஸ்டேட்டை வாங்கிய குடும்பம் சென்னையில் ஏலத்தில் பாத்திரம் பண்டமாக எடுத்தபோது கூடவே வந்தவையாம். தன் அப்பா அவற்றை 'கப்பல் தட்டு' என்று சொல்லி விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுப்பார் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இனி இரண்டு கேள்விகள். இவற்றில் சாப்பிடலாமா? வெளிநாட்டில் ஒருவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார், அனுப்பலாமா?

மலைவாசி, ஏற்காடு

கையெழுத்தே வாங்கிவிட்டீர்களா! மனசு நிறைந்துவிட்டது. இரண்டு சாமானும் இரண்டு வழியில் வந்தவை என்பது இனி யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரியும்.

சாப்பிட வேண்டாம். அந்தக் காலத்துக் கண்ணாடிப் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். புளி, எலுமிச்சை, தக்காளி சேர்ந்த சூடான ரசம், குழம்பு பட்டால் அது கரைந்து இறங்கும். அலமாரியில் வைக்க மட்டும். கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், பிளீச்சிங் பவுடர், தேங்காய் நார் இரண்டும் கூடாது. அடுக்கினால் இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு துணி வையுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் அவசரம் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள், கைவினைப் பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. உங்கள் தட்டுகள் 1920களா 1950களா என்பதே இன்னும் முடிவாகவில்லை, அது தெரியாமல் பார்சல் போடுவது வம்பு. தேய்ந்த தொழிற்சாலை முத்திரையைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்து, ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். ஒன்றில் தேய்ந்த எழுத்து இன்னொன்றில் இருக்கும். ஆறையும் சேர்த்தால் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிடும், சில தொழிற்சாலைகள் மாதமும் வருஷமும்கூட எண்ணாகக் குத்தியிருக்கும். படங்களை இங்கேயே போடுங்கள், முள்கரண்டியின் படத்தையும் சேர்த்து. என்னிடம் ஒரு மேப்பின் அண்ட் வெப் கரண்டி இருக்கிறது, முத்திரையை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.